வாய்க்கட்டு

ஏலத்தோட்டத்து ஜீப்பில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் அதைப்போல இரண்டு பங்கு பெண்கள் ஏறிக்கொண்டு, ஒருத்தி முழங்கால் இன்னொருத்தி விலாவில் இடிக்க, போடியைத் தாண்டி மலையேறுவதற்குள் ஊரில் நடந்தது, நடக்காதது, நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். டிரைவர் ராஜபாண்டி பாட்டுப் போடுவதை எப்போதோ விட்டுவிட்டான். போட்டாலும் அவனுக்கே கேட்காது.

அந்தப் பேச்சில் பாதி அய்யம்மாளுடையது. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆரம்பித்தால், போடிமெட்டில் வண்டி நின்றதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ஆடி பிறந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பல் வலியா, காது வலியா, புருஷனோடு சண்டையா என்று ஆளுக்கொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லக்கா" என்பதோடு சரி. எதிரே உட்கார்ந்திருந்த ராக்கம்மாளுக்கும் பவுனுக்கும் மட்டும் காரணம் தெரியும். தெரிந்துதான் இரண்டு பேரும் வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பொட்டிப்புரத்துக்கு அடுத்திருக்கிற இந்தச் சின்ன ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வாலிபால் டீம் உண்டு. கண்மாய்க்கரைக்குக் கீழே, கருவேலஞ்செடியை வெட்டித் தள்ளி, இரண்டு தென்னங்கம்பத்தில் வலை கட்டிய மைதானம். பால் வண்டி ஓட்டுகிற சண்முகராஜ்தான் கோச். தன் கைக்காசில் பந்து வாங்கிப் போட்டு, டீசல் அடித்து, பிள்ளைகளைப் பால் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிக்குப் போவான். அந்த மட்டில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. சில பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கோட்டாவில் காலேஜில் இடம்கூடக் கிடைத்திருக்கிறது.

ஆனால் அவனிடம் ஒரு சட்டம் இருந்தது. போட்டியில் தோற்றால், கடைசிப் பாயிண்டை விட்டவள் எவளோ அவளோடு டீமில் யாரும் பேசக் கூடாது. அடுத்த போட்டி வரைக்கும் இது நடக்கும். அதில் ஜெயித்தால் எல்லாருக்கும் விடுதலை. தோற்றால் புதிதாகத் தப்பு செய்தவளுக்கு மாறிக்கொள்ளும். மீறிப் பேசுகிறவளுக்கும் அதே தண்டனை. களத்தில் சூடடிக்கிற மாடு கதிரைத் தின்னாதபடி வாய்க்கட்டுப் போடுவார்களே, அந்தப் பெயரைத்தான் பிள்ளைகள் இதற்கு வைத்திருந்தார்கள். மாட்டுக்காவது கட்டிய மாட்டுக்குத்தான் வாய் அடைபடும். இங்கே கட்டு ஒருத்திக்கு, வாயை மூடிக்கொள்வது மற்றவர்கள். தாய்மார்களைக் கூப்பிட்டுச் சண்முகராஜ் இதைச் சொன்னபோது எல்லாரும் சரியென்று தலையாட்டினார்கள். கண்டிப்பு இருந்தால்தானே பிள்ளைகள் உருப்படும் என்று முதலில் சொன்னவள் அய்யம்மாள்தான்.

இப்போது கட்டு அவள் மகள் அபிதாவுக்கு விழுந்திருந்தது. சின்னமனூர்ப் பக்கம் நடந்த ஃபைனலில், ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது, அவள் போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. திரும்பி வரும்போது பால் வண்டியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அபிதா பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மாவின் வாய் அப்படியே மகளுக்கு. பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் டிரைவரிலிருந்து கடைசி சீட்டில் கோழி கொண்டுபோகிற கிழவர் வரைக்கும் எல்லாரிடமும் வம்பிழுக்கிறவள். கட்டு விழுந்த முதல் வாரம் அவள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு, வாய்க்கு லீவு" என்றுகூடச் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

தினமும் பிராக்டிஸுக்குப் போனாள். போகாமலும் இருக்க முடியாது, சட்டம் அப்படி. வலைக்குப் பக்கத்தில் அவளுக்குரிய இடத்தில் போய் நிற்பாள். பந்தை அடிப்பதற்குத் தூக்கிக் கொடுக்கிற செட்டர், ராக்கம்மாளின் மகள் பாண்டிமீனா. பேச்சுத்தான் கூடாது என்று சண்முகராஜ் சொன்னான், பந்தையும் கொடுக்காதே என்று சொல்லவில்லை. ஆனால் பேசக் கூடாதவளுக்கு எப்படிப் பந்து கொடுப்பது? ஒரு குரல் கொடுத்தால்தானே இவள் எழும்புவாள், அவள் தூக்குவாள். குரல் இல்லையென்றால் பந்தும் இல்லை. பந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருக்க, அபிதா நடுவில் முழங்காலை மடக்கிக் கையை விரித்துத் தயாராக நிற்பாள். பொழுது சாய்கிற வரைக்கும் அப்படியே நிற்பாள்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற அய்யம்மாளின் புருஷன் மலைச்சாமி கரை மேலிருந்து இதைப் பார்த்தான். அவன் அதிகம் பேசாத மனுஷன். வீட்டுக்கு வந்து மகளிடம், "வேணாம்னா விட்ரு ஆத்தா, விளையாட்டுத்தான" என்றான்.

"விட்டா நான் தோத்துட்டு ஓடுனதா ஆயிரும்ப்பா."

"ஆனா ஆயிட்டுப் போகுது."

"ஒங்களுக்குத் தெரியாது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாப்பாடு குறைந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோற்றைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்தாள். கேட்டால் சோறு புளித்துவிட்டது என்றாள். டீம் பிள்ளைகள்தான் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டால் வேறு யாரோடு போய் உட்காருவாள்? ஒருநாள் அய்யம்மாள் கூரை எரவாணத்தில் சொருகியிருந்த புதுக்கயிற்றைத் தேடினாள். காணவில்லை. வாழைக்குத் தெளிக்கிற மருந்து டப்பாவும் இருந்த இடத்தில் இல்லை. இரண்டையும் மலைச்சாமி தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டியிருந்தான். அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று மலையில் அவளுக்குக் கையே ஓடவில்லை.

சண்முகராஜைப் போய்ப் பார்த்தாள். பால் டெப்போ வாசலில் கேன் கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பிள்ளை சாப்பிட மாட்டேங்குது."

"பசி வந்தாச் சாப்பிடும் தங்கச்சி."

"தூக்கமும் இல்லண்ணே. மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடக்கா. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த அவளுகளப் பேசச் சொல்லுங்க."

சண்முகராஜ் குழாயை நிறுத்தினான். கோபமில்லை, பொறுமையாகவே சொன்னான்.

"இந்தக் கட்டு எனக்கும் போட்டாக. அல்லிநகரத்து டீமோட ஆடயில கடைசிப் பந்த நான் வெளிய அடிச்சுப்புட்டேன். ஒரு சீசன் பூராவும் எவனும் எங்கூடப் பேசல. நான் என்ன செத்தா போனேன்? செவுத்துல அடிச்சு அடிச்சுத் தனியாப் பழகுனேன். மறுவருசம் மாவட்ட டீம்ல எடுத்தாகள்ல. அந்த வெறி எங்கிட்டிருந்து வந்துச்சு? தட்டிக் கொடுத்திருந்தா வந்திருக்குமா?"

"பிற்பாடு அவுக பேசுனாகளா?"

"யாரு?"

"ஒங்ககூட ஆடுனவுக."

"பேசாம என்ன. கலியாணம் காச்சின்னாப் பாத்துக்கிறதுதான்." கேனைக் கவிழ்த்து வைத்தான். "நாந்தான் யாருகிட்டயும் ரொம்ப வச்சுக்கிறதில்ல."

அதை ஒரு பெருமை போலத்தான் சொன்னான். தனியாக மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, தனியாக ஒரு அறையில் கிடக்கிற மனுஷன். அய்யம்மாளுக்கு அவன் மேல் வந்த ஆத்திரம் பாதியிலேயே நின்றுவிட்டது. முழுசாக வந்திருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

மலையில் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஏலச்செடி ஆளை விட உயரம். காய் என்னவோ தூரடியில், தரையோடு ஓடுகிற சரத்தில்தான் இருக்கும். ஒவ்வொருத்தியும் ஒரு தூருக்கடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழுத்ததாகப் பார்த்துக் கிள்ளி இடுப்புச் சாக்கில் போட வேண்டும். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்துத் தூரில் இருக்கிறவள்கூடத் தெரிய மாட்டாள். காட்டுமாடு வரும், சில நாள் யானையும் வரும். அதனால் சத்தம் கொடுப்பது என்று ஒரு வழக்கம். ஓரத்தில் இருக்கிறவள் ஒரு கூவல் கொடுப்பாள். அடுத்தவள் பதில் கொடுப்பாள், அதற்கடுத்தவள், அப்படியே கடைசி ஆள் வரைக்கும் போகும். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் மஞ்சுக்குள் கூவினால் பதில் கொடுத்தே ஆக வேண்டும். எவளாவது கொடுக்கவில்லையென்றால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு அவளைத் தேடுவார்கள்.

அன்றைக்கு அய்யம்மாள் பதில் கொடுக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. கூவல் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. மகள் நினைப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏடி, அய்யம்மா" என்று கத்திக்கொண்டு முதலில் ஓடிவந்தவள் ராக்கம்மாள். பின்னாலேயே பவுனு, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். காலில் அட்டை ஏறியிருப்பதுகூடப் பார்க்காமல் ஓடிவந்திருந்தார்கள். மேலேயிருந்து மலையாளத்துக் கங்காணி, வேலை வேண்டாமா என்கிற அர்த்தத்தில், "எந்தா சேச்சி, பணி வேண்டே?" என்று சத்தம் போட்டான். யாரும் அவனைச் சட்டை பண்ணவில்லை.

"ஏன்டி சத்தம் கொடுக்கல? ஈரக்கொல நடுங்கிப்போச்சு" என்றாள் ராக்கம்மாள்.

அய்யம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"நான் ஒருக்காச் சத்தம் கொடுக்கலன்னு இத்தன பேரு ஓடியாந்திருக்கீக மதினி. எம்பிள்ள ஆடியிலருந்து கூப்புட்டுக்கிட்டே இருக்கா. ஒருத்தி ஏன்னு கேக்கலையே. ஒம்மக கேக்கல. பவுனு மக கேக்கல."

ராக்கம்மாள் குனிந்து தன் காலிலிருந்த அட்டையைச் சுரண்டி எறிந்தாள்.

"நான் என்னன்னு சொல்லட்டும்? சொன்னா, சார் சொல்லிருக்காருங்குறா. எங்கள விட அந்தாளுதான் அவளுகளுக்குப் பெருசு."

"ஞாயித்துக்கெழம எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி விடுங்க. நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன். மைதானத்துலதான சட்டம். எங்க வீட்டுக்குள்ள வந்து, எங்கையில சாப்புட்டுட்டு, எம்பிள்ளைகிட்டப் பேசாமப் போயிருவாளுகளா?"

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரே பந்தியில் கைநனைத்துவிட்டால் பகை நிற்காது என்பதுதான் அந்தப் பக்கத்தில் எல்லாருடைய கணக்கும். வெட்டுக்குத்து வரைக்கும் போன பங்காளிச் சண்டையைக்கூட ஒரு கிடாவை அடித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். தாய்மார்கள் வைது அனுப்பியிருப்பார்கள் போல, ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து, "வாறோம் அத்தை" என்று செருப்பை வரிசையாகக் கழற்றிப் போட்டார்கள். மலைச்சாமி இலை அறுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அய்யம்மாள் விடியலிலேயே எழுந்து அம்மியில் மசால் அரைத்திருந்தாள். வீடு முழுக்க வாசம். அபிதா நல்ல சுடிதார் போட்டு, தலை சீவி, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு மகளை அப்படிப் பார்த்த அய்யம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நீயே பரிமாறு ஆத்தா என்று சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள்.

அபிதா முதல் இலையில் சோறு வைத்தாள். "போதுமா?" என்று கேட்டாள். பவுனின் மகள் இலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்து மறைத்தாள். அடுத்த இலைக்குப் போனாள். அவளும் அதே மாதிரி கையை விரித்தாள். கடைசி இலை வரைக்கும் அப்படித்தான். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அய்யம்மாளிடம் பேசினார்கள். "கொழம்பு சூப்பரா இருக்கு அத்தை", "எங்கம்மா வச்சா இப்படி வராது அத்தை" என்றெல்லாம் மனதாரச் சொன்னார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அபிதா பக்கம் மட்டும் கண்ணே போகவில்லை. கரண்டி தானாக வந்து சோறு போட்டுவிட்டுப் போவதாக நினைத்துக்கொண்டார்கள் போல.

பாண்டிமீனா நிமிர்ந்து, "அத்தை, கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்க" என்றாள்.

அபிதா ரசப் பாத்திரத்தோடு அவளுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அவதான ஆத்தா நிக்கிறா" என்றாள் அய்யம்மாள். குரலைத் தழைத்து, ஏறக்குறையக் கெஞ்சுகிற மாதிரி, "அவகிட்டயே கேளேன்" என்றாள்.

பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டிமீனாவின் காது சிவந்துபோயிருந்ததை அய்யம்மாள் பார்த்தாள்.

"ரசம் வேணாம் அத்தை. மோர் மட்டும் போதும்."

அதற்குப் பிறகு யாரும் அதிகம் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு, "போயிட்டு வாறோம் அத்தை" என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அபிதா இலைகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்தாள். குப்பைக் குழியில் போட்டுவிட்டு வந்து, அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன? அங்கன மைதானத்துல மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப இங்கன வீட்டுக்குள்ளயும் கொண்டாந்துட்ட."

மிச்சக் குழம்பை அன்று யாரும் தொடவில்லை.

மறுநாள் மலையிலிருந்து திரும்பும்போது அவள் போடியிலேயே ஜீப்பை விட்டு இறங்கிக்கொண்டாள். பஜாரில் சுந்தர்ராஜின் பாத்திரக்கடை இருக்கிறது. அவர் மகள் ஜெபாவும் போன வருஷம் வரைக்கும் இதே டீமில் ஆடினவள்தான். போடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து ஆடிவிட்டுப் போவாள். அவளுக்கும் ஒருமுறை கட்டு விழுந்தது. கொஞ்ச நாளில் படிப்பு இருக்கிறது என்று நின்றுகொண்டாள். அவள் எப்படி அதிலிருந்து மீண்டாள் என்று கேட்டுக்கொண்டு போகலாமென்றுதான் அய்யம்மாள் வந்திருந்தாள். கடையில் ஜெபாவின் அம்மா சுகிர்தம் மட்டும் இருந்தார்.

"ஒங்க பொண்ணுக்கு எப்படிக்கா சரியாச்சு?"

"சரியாச்சுன்னு யாரு சொன்னா?" என்றார் சுகிர்தம்.

கடையில் வேறு ஆளில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடையில நிப்பா, யாவாரம் பாப்பா, எல்லாருகிட்டயும் சிரிப்பா. வீட்டுல நான் அடுப்படியில வேல மும்முரத்துல ஒரு நிமிசம் பதில் சொல்லலன்னு வச்சுக்க, ஓடியாந்து நிப்பா. அம்மா எம்மேல கோவமா, அம்மா எம்மேல கோவமான்னு. இல்லம்மா, அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லுவேன். நம்ப மாட்டா. அவ அப்பா செபத்துல கண்ணு மூடியிருந்தாக்கூட பயந்துருவா. தேனியில ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறோம். மாத்திரையெல்லாம் இல்ல. உக்கார வச்சுப் பேசுறாக. இப்ப பரவால்ல."

"ஒரு வார்த்த சொல்லலையேக்கா."

"யாருகிட்டச் சொல்ல? நீங்க எல்லாம் சேந்து ஒத்துக்கிட்ட சட்டந்தான." சுகிர்தம் ஒரு குடத்தைத் துடைத்து வைத்தார். "வருத்தப்படாத அய்யம்மா, கேட்டதால சொல்றேன். அந்த டாக்டரம்மாகிட்ட அவ அதிகமாச் சொன்னது ஒம்மக பேரத்தான். மத்தவளுகளப் பத்தி ஒண்ணும் சொல்லல. அபிதா பேசலங்குறதுதான் அவளுக்கு."

அய்யம்மாள் பஸ்ஸுக்கு நிற்காமல் பாதித் தூரம் நடந்தே வந்தாள். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஊரில் வாய் பேசிப் பேர் வாங்கினவள் அவள், ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்கத் தெரியாதவள். இதை மட்டும் மகளிடம் சொல்லவில்லை. இருக்கிற பாரம் போதும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த போட்டி தேவாரத்தில் நடந்தது. அய்யம்மாள் அன்று வேலைக்குப் போய்விட்டாள். மலையில் போனில் சிக்னல் கிடையாது. ஜீப்பில் திரும்பும்போது ராக்கம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நம்ம பிள்ளைக இன்னைக்கு ஜெயிச்சிருக்கும்க, பாரேன்" என்றாள். இரண்டு பேரும் ஊர் மந்தையில் இறங்கி, தெரு பிரிகிற வரைக்கும் ஒன்றாகவே நடந்தார்கள்.

வாசலுக்கு வரும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். அபிதா போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, "எம்மா, பசிக்குது" என்றாள். அய்யம்மாள் இடுப்புச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே அடுப்படிக்குள் போய்த் தோசை ஊற்றினாள். ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று என்று அபிதா வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். நடுவர் மூக்கைப் பற்றிச் சொன்னாள், பால் வண்டி பஞ்சரானதைச் சொன்னாள், பவுனின் மகள் தன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்ததைச் சொன்னாள். அய்யம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிடத் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டாள்.

"அப்ப ஜெயிச்சிட்டீகளா ஆத்தா?"

"ஜெயிச்சமா? எங்கிட்டு. செமில தோத்துட்டோம்."

தோசைக்கரண்டி கல்லிலேயே நின்றது.

"பெறகு?"

"பாண்டிமீனாதான் கடைசிப் பந்த விட்டுட்டா. தூக்கித் தரேன்னு தடுமாறி விழுந்துட்டா. எனக்குக் கட்டு அவுந்துருச்சு." இலகுவாகச் சொல்லிவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

"இப்ப அவகூட யாரும் பேசலையா?"

"பேசக் கூடாதுல்ல."

"நீ பேசுனியா?"

அபிதா தட்டைப் பார்த்தாள். "நான் எப்படிம்மா பேச? இன்னைக்குத்தான எங்கூடவே பேசுறாளுக."

அய்யம்மாளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கொஞ்சம் முன்னால் தெருமுனையில் கையை ஆட்டிவிட்டுப் போன ராக்கம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். இந்நேரம் அவள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும்?

"அம்புட்டும் பட்டுட்டு வந்தும் ஒனக்குப் புத்தி வரலையா? இந்தா பாரு, அவகூட நீ பேசலன்னா எங்கூடயும் பேசாத. நானும் ஒங்கூடப் பேச மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. அபிதாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகத்திலிருந்த வெளிச்சம் போய், ஆடி மாசத்து முகம் திரும்பி வந்தது.

"நீயும் கட்டுப் போடுறியாம்மா?"

அய்யம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளின் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல ஆத்தா, இல்ல. வாய் தவறிருச்சு. நீ பேசு. என்னய வையி, என்ன வேணாலும் சொல்லு. நான் பேசாம இருக்க மாட்டேன்." கல்லில் தோசை கருகியது. அதை எடுத்துப் போடக்கூட எழவில்லை. இனிமேல் மறைத்து வைத்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. "போடியில சுகிர்தக்காவப் பாத்தேன். ஜெபா டாக்டர்கிட்ட ஒம்பேரத்தான் சொன்னாளாம்."

அபிதா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தெரியும்மா" என்றாள். "அவளுக்குக் கட்டு விழுந்த அன்னைக்குப் பஸ் ஸ்டாப்புல நின்னு எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் மட்டுமாச்சும் பேசுவேன்னு. பஸ்ஸு வர்ற வரைக்கும் நான் குனிஞ்சு என் செருப்பப் பாத்துட்டு நின்னேன்."

அய்யம்மாள் அடுப்பை அணைத்தாள். நீ வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சொல்லி வர வைக்கிற காரியம் இல்லை இது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. "ராக்கம்மா மதினி வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். சற்றுத் தூரம் போன பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ராக்கம்மாள் அடுப்புக்கு முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அய்யம்மாளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறையைக் காட்டினாள். அய்யம்மாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பாண்டிமீனா, சிராய்த்துப்போன முழங்கையோடு, ஜெர்சியைக்கூட மாற்றாமல் சுவரோரம் குறுகி உட்கார்ந்திருந்தாள். அபிதா வாசலிலேயே நின்றாள். தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

பாண்டிமீனா நிமிர்ந்து பார்த்தாள். வேகவேகமாகத் தலையை ஆட்டினாள்.

"இங்கன வராத. எங்கூடப் பேசாதடி. சாருக்குத் தெரிஞ்சா ஒனக்கும் சேத்துப் போட்டுருவாரு."

அபிதா அவளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போடட்டும்" என்றாள்.

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.